உள்ளங்கால் மாற்று விண்ணப்பம்

என் பாதங்கள் எரிவதால், வரும் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி முதல் என் வீட்டின் இரவு ரத்து செய்யப்படும் என்று புதன்கிழமை கடிதம் வந்தது. பாத எரிச்சல் நிவாரண அலுவலகம் அனுப்பியிருந்தது. முத்திரை சரியாக இருந்தது. கதவு எண்ணும் சரியாக இருந்தது.

என் மனைவி பஞ்சவர்ணம் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"உங்களுக்கு மட்டுமா, வீட்டுக்கேவா?"

"வீட்டுக்கே."

"அப்ப நான் எங்க போய்த் தூங்குறது? எனக்கு எந்தக் காலும் எரியலையே."

அதற்குக் கடிதத்தில் விடை இல்லை. பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தோம்.

எரிச்சல் தொடங்கி முப்பத்தாறு நாட்கள் ஆகியிருந்தன. பகலில் பாதங்கள் சும்மா இருக்கும். விளக்கை அணைத்ததும் தொடங்கும். மருதாணி அரைத்துப் பூசினோம். அது விடிவதற்குள் பொடியாகி உதிர்ந்தது. விளக்கெண்ணெய் தடவினோம். அது கொதித்தது. ஈரத்துணி சுற்றினோம். துணி காய்ந்து, இஸ்திரி போட்டதுபோல் ஒரு சுருக்கமும் இல்லாமல் நின்றது. அதைப் பார்த்த பஞ்சவர்ணம் மறுநாள் இரவு என் சட்டைகளையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு நாள் இரும்பு பீரோவின் மேல் பாதங்களை அழுத்திப் படுத்தேன். உள்ளே இருந்த அவளுடைய கூறைப்புடவை வியர்த்துவிட்டது.

நான் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளன். வண்டிகள் புறப்படுவதை ஒலிபெருக்கியில் அறிவிப்பது என் வேலை. தூக்கம் இல்லாததால் அதில் சில பிழைகள் நேர்ந்தன. சென்ற வாரம் திண்டுக்கல் வண்டியை, "தூக்கம் செல்லும் வண்டி ஐந்தாம் நடைமேடையில்" என்று அறிவித்தேன். பதினொரு பேர் ஏறினார்கள். அவர்கள் இன்னும் திரும்பவில்லை. அவர்கள் வீட்டாரும் புகார் செய்யவில்லை.

இரவு ரத்தானால் என்ன ஆகும் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஜெயசீலனுக்குப் போன ஆடியில் ரத்தானது. அன்றிலிருந்து அவர் வீட்டின் மேல் சூரியன் நிற்கிறது. வெளிச்சம் காம்பவுண்டுச் சுவரோடு நின்றுவிடும். அளந்துதான் விடுகிறார்கள். அவர் மனைவி கிரேஸ் முதல் மாதம் மகிழ்ச்சியாக இருந்தாள். கூழ்வற்றல் ஒரே மூச்சில் காய்ந்தது. தெரு முழுவதும் கொடுத்தாள். ஜெயசீலன் தூங்க முடியாமல் மொட்டைமாடியில் நின்றார். பிறகு நிற்பது மட்டும் செய்தார். இப்போது அவர் துணி காயப்போடும் கொடிக்கம்பமாக இருக்கிறார். நல்ல மனிதர். கொடி தொய்வதே இல்லை.

வியாழக்கிழமை காலை அலுவலகம் கிளம்பும்போது அவரிடம் சொல்லிக்கொண்டேன்.

"கால் ஆபீஸுக்குப் போறேன் சார்."

"ரெண்டாவது ஜன்னல்ல நிக்காதீங்க, தெய்வேந்திரன்."

"ஏன்?"

"நான் அங்கதான் நின்னேன்."

அவர் இன்னும் ஏதோ சொன்னார். காற்றில் ஒரு படுக்கை விரிப்பு அவர் முகத்தின் மேல் விழுந்துவிட்டது. எனக்குக் கேட்கவில்லை.

அலுவலக வாசலில் செருப்பை விட்டேன். உள்ளே நடைவழி நீளமாக இருந்தது. காலையில் அது குட்டையாகத்தான் இருக்கும் என்றும், பதினோரு மணிக்கு மேல் நீண்டுவிடும் என்றும் காவலாளி சொன்னார். நான் போனது பதினொன்றே கால். மூன்றாவது ஜன்னலை அடைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பாதி வழியில் ஒருவர் சுவரோரம் அமர்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"திரும்பிப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"தெரியல. எந்தப் பக்கம் பாத்து உக்காந்தேன்னு மறந்துட்டேன்."

மூன்றாவது ஜன்னலில் எஸ்தர் என்ற எழுத்தர் இருந்தார். நடுத்தர வயது. மேசையில் ஒரு கறுப்புக் குடையும் ஒரு கட்டு அப்பளமும் வைத்திருந்தார்.

"பேரு?"

"தெய்வேந்திரன்."

"எரியுறது யாருக்கு?"

"எனக்குத்தான்."

"அதை நாங்க சொல்லணும். காலைத் தூக்கி மேசை மேல வைங்க."

ஒரு பெண்ணுக்கு முன் காலை நீட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க," என்றேன்.

"காலையிலேருந்து முப்பது பேரு நீட்டிட்டாங்க சார். எடுத்துக்க இடமில்ல. வைங்க."

வைத்தேன். அவர் குடையை விரித்து என் பாதங்களை மூடினார். பகலில் எரியாத பாதங்களுக்கு இப்படித்தான் இரவைக் காட்டுவார்களாம். பாதங்கள் நம்பிவிட்டன. எரியத் தொடங்கின. எஸ்தர் ஓர் அப்பளத்தைக் குடைக்குள் விட்டு உள்ளங்காலில் வைத்தார். அது பொரிந்தது. வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரத்தை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"கல்யாண அடுப்பு," என்றார்.

"என்னது?"

"இது வீட்டுச் சூடு இல்ல சார். கோட்டையடுப்பு. புளியங்கட்டை. முப்பது வருஷமாவது அதுக்கு முன்னால நின்ன காலு இது. நீங்க அடுப்படில நின்னிருக்கீங்களா?"

"தண்ணி குடிக்கப் போயிருக்கேன்."

"அப்ப இது உங்க உள்ளங்கால் இல்ல." அவர் குடையை மடக்கினார். எரிச்சல் நின்றது. "எங்கயாச்சும் செருப்பு மாறிச்சா?"

"மைத்துனி மக கல்யாணத்துல மாறியிருக்கலாம்," என்றேன்.

அவரிடம் அவ்வளவுதான் சொன்னேன். நடந்தது கொஞ்சம் அதிகம். என் செருப்பின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. மண்டப வாசலில் அதன் பக்கத்திலேயே, அதே பழுப்பு நிறத்தில், புதிதாக ஒரு ஜோடி கிடந்தது. இப்படியும் அப்படியும் பார்த்தேன். கல்யாண வீட்டில் யாரும் தரையைப் பார்ப்பதில்லை. கால் ஒரு விரல் அளவு பின்னால் மிஞ்சியது. அதை மாட்டிக்கொண்டு தாம்பூலப் பையுடன் வீட்டுக்கு வந்தேன். அன்றிரவு எரிச்சல் தொடங்கியது.

செருப்பு மாறும்போது உள்ளங்காலும் சேர்ந்து மாறுவது உண்டு என்று எஸ்தர் விளக்கினார். பெரும்பாலும் கல்யாண மண்டபங்களில் நேரும். கோயில்களில் குறைவு. அங்கே எண்வில்லை கொடுத்து வாங்குகிறார்கள்.

அவர் ஒரு விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, "தவறுதலாக". மற்றொன்று, "தெரிந்தே".

"தவறுதலான்னு குறி போட்டா, அந்த ஆளு முழிச்சிருக்கும்போது கையெழுத்து வாங்கிட்டு வரணும். நாளைக்கு ஆறு மணிக்குள்ள. அவரவர் உள்ளங்கால் அவரவருக்கு வந்துரும். ராத்திரியும் உங்களுக்கு இருக்கும்."

"தெரிஞ்சேன்னு போட்டா?"

"கையெழுத்தே வேண்டாம். மாத்தினது மாத்தினதுதான். ராத்திரி ரத்தாகும். உங்களுக்கு எரியுறது ராத்திரிதானே? ராத்திரி இல்லன்னா எரிச்சல் இல்ல. அதுதான் நிவாரணம். போன வருஷம் கையெழுத்துக் கிடைக்காம நேரம் தவறுன நானூத்திப் பன்னெண்டு வீட்டுக்குக் குடுத்தோம். ஒரு புகார் வரல."

"தூக்கம்?"

"அது வேற டிபார்ட்மென்ட்."

பிறகு வாசலில் நான் விட்டிருந்த செருப்பை வரவழைத்தார். கண்ணை மூடிக்கொண்டு பெருவிரல் பள்ளத்தைத் தடவிப் பார்த்து முகவரி எழுதினார். வெள்ளைச்சாமி, சமையல் மாஸ்டர், பானைக்காரத் தெரு, கடைசி வீடு.

வெள்ளிக்கிழமை மதியம் போனேன். கடைசி வீட்டின் முன் முப்பது நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் நின்றவரிடம் என்ன வரிசை என்று விசாரித்தேன்.

"மாஸ்டர் தூங்குறாரு. பாத்துட்டுப் போக வந்தோம்."

"எத்தனை நாளா?"

"முப்பத்தெட்டு நாளா. என் மச்சான் வந்து ஒரு நிமிஷம் பாத்தாரு. நாலு மணி நேரம் தூங்கினாரு. வெறும் பார்வைக்கே!"

வாசலில் மாஸ்டரின் மனைவி பேச்சியம்மாள் பனையோலை விசிறியோடு உட்கார்ந்து, பேசுகிறவர்களின் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாதங்களைப் பார்த்தார்.

"வந்துட்டீகளா," என்றார். "இன்னும் ரெண்டு நா கழிச்சு வருவீகன்னு இருந்தேன்."

"மன்னிக்கணும்மா. ஆபீஸ்ல இன்னைக்கு ஆறு மணிக்குன்னு..."

"தெரியும்யா. எங்களுக்கும் அதே கடுதாசிதான் வருஷா வருஷம் வரும். அவரு ராத்திரியே வேலை பாக்குறவரு, அடுப்ப விட்டு வர முடியாதுன்னு எழுதிக் குடுத்துத் தள்ளிப்போட்டோம்." அவர் விசிறியை மடியில் வைத்தார். "பத்தொம்பது வருஷம் அண்டாத் தண்ணியில காலை வச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தாரு. விடிஞ்சா அந்தத் தண்ணி கொதிக்கும். எம்பிள்ளைக குளிச்சதெல்லாம் அதுலதான். வெந்நிக்குன்னு அடுப்பு மூட்டுனதே கிடையாது. இப்ப மூட்டுறேன். கண்ணு கரிக்குது. கரிச்சா என்ன."

"செருப்பு மாறினது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. வேலை முடிச்சு வெளிய வந்தாராம். தன்னோடதக் காணோம். வேற ஒரு ஜோடி மட்டும் கெடந்துச்சாம். காலை வச்சா, கெணத்துப் படியில வச்ச மாதிரி இருந்துச்சாம். ஊக்கு குத்துச்சாம். 'இது என் செருப்பு இல்லன்னு ஊக்கு சொல்லிருச்சு பேச்சி'ன்னாரு. தன்னோடதத் தேடியிருக்கலாம்ல? தேடல. சொல்லிக்கிட்டே சாஞ்சாரு. அப்ப தூங்குனவருதான்."



"மொதல்ல எடுத்தது நான்தாம்மா," என்றேன்.

"புதுசுன்னு பாத்தீகளாக்கும்?"

"ஆமா."

"தள்ளுபடியில வாங்குனது. உழைக்காது." அவர் சற்று ஒதுங்கி வழிவிட்டார். "எழுப்புறதுன்னா எழுப்புங்க. நான் தடுக்கல. என் கையால எழுப்ப மாட்டேன், அவ்வளவுதான்."

"எழுப்பினா கையெழுத்துப் போடுவாரா?"

"போடுவாரு. நல்ல மனுசன், ஏன்னு கேக்காமப் போடுவாரு. அப்புறம் நான் பரண்ல ஏறி அண்டாவ எறக்கணும்."

உள்ளே போனேன். வெள்ளைச்சாமி பருத்த மனிதர். பாயில் மல்லாந்து படுத்திருந்தார். அவருடைய பாதங்கள் வாசலைப் பார்த்திருந்தன. உள்ளங்கால்கள் என்னுடையவை. வலது குதிகாலில், பதினோராம் வயதில் ஆணி ஏறிய தழும்பு இருந்தது. இடது பாதத்தின் நடுவில் நான் பிறந்தபோதே இருந்த ரேகை இருந்தது. குனிந்து பார்த்தேன். பித்தவெடிப்பு ஆறியிருந்தது. தோல் மெத்தென்று இருந்தது. முப்பத்தெட்டு நாட்களாக அவை நான் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தன. நன்றாக இருந்தன.

அவர் தோளைத் தொடக் கையை நீட்டினேன். கை பாதி தூரம் போய் நின்றது. என் இரவு இன்னும் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். வானொலியில் யாருடைய செய்தியோ கேட்டதுபோல் இருந்தது. கோபப்பட முயன்றேன். வரவில்லை. துக்கம் வருமா என்று காத்திருந்தேன். அதுவும் வரவில்லை.

"அண்ணே, பாத்தாச்சுன்னா நகருங்க," என்றார் வரிசையில் பின்னால் நின்றவர் மெதுவான குரலில். "நாங்களும் தூங்க வேண்டாமா?"

விண்ணப்பத்தை முழங்காலில் வைத்துப் பேனாவைத் திறந்தேன். தூங்கும் மனிதரிடம் இரக்கம் பிறந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் பிறக்கவில்லை. பேனாவை "தவறுதலாக" என்ற கட்டத்துக்கு நேரே கொண்டுபோனேன். அப்போது அவருடைய வலது பாதம் தூக்கத்தில் ஒருமுறை சுருங்கி விரிந்தது. குழந்தை கனவில் வாயசைப்பதுபோல் இருந்தது. நான் பேனாவை அடுத்த கட்டத்துக்கு நகர்த்திக் குறி போட்டேன்.

வெளியே வரும்போது பேச்சியம்மாள் விண்ணப்பத்தைக் கேட்கவில்லை. என் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தார்.

"மோர் இருக்கு. குடிச்சிட்டுப் போங்க," என்றார்.

குடித்தேன்.

அலுவலக நடைவழி அன்று இரண்டடிதான் இருந்தது. வாசலைத் தாண்டியதுமே ஜன்னல் வந்துவிட்டது. ஒப்புக்கொண்டு வருகிறவர்களுக்கு அது நீள்வதில்லை என்று காவலாளி சொன்னார்.

எஸ்தர் விண்ணப்பத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே."

"யோசிச்சுத்தான் போட்டீங்களா?"

"இல்லைங்க."

"பன்னெண்டு வருஷமா இந்த ஜன்னல்ல இருக்கேன். இந்தக் கட்டத்துல மை பட்டு நான் பாத்ததே இல்ல." அவர் முத்திரையைக் குத்தினார். குத்திவிட்டு, அது காயும்வரை புறங்கையால் காற்று விசிறினார்.

வீட்டுக்கு வந்து பஞ்சவர்ணத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஊர்ல இருக்கிறவன் எல்லாம் பொய் சொல்லத்தான் ஆபீஸுக்குப் போறான். நீங்க உண்மை சொல்லவா பஸ் ஏறிப் போனீங்க?"

"அப்படி ஆயிருச்சு."

"செருப்பை எடுத்தீங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"நீ கேக்கல."

"கல்யாண வீட்ல செருப்பைத் திருடினீங்களான்னு எந்தப் பொண்டாட்டி கேப்பா?"

அவள் ஒரு தண்டைக் கிள்ளி எறிந்தாள்.

"அவரு நல்லாத் தூங்குறாரா?" என்று கேட்டாள்.

"நல்லாத் தூங்குறாரு."

ஆறு மணிக்கு ஒருவர் நாடாவும் சுண்ணாம்பும் கொண்டுவந்தார். காம்பவுண்டைச் சுற்றிக் கோடு போட்டார். எங்கள் வீட்டின் மேற்கே இறங்கிக்கொண்டிருந்த சூரியன் நின்றது. பிறகு இரண்டு முழம் மேலே ஏறி, கூரைக்கு நேராக வந்து அமர்ந்தது. கோட்டுக்கு வெளியே தெருவிளக்குகள் எரிந்தன. எதிர்வீட்டில் கொசுவுக்குப் புகை போட்டார்கள். எங்கள் முற்றத்தில் உச்சிப்பொழுது.

பஞ்சவர்ணம் ஒரு பாயும் தலையணையும் போர்வையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"பேச்சியம்மா வீட்டுக்கு. ஆள் விட்டுக் கேட்டேன். பொம்பளைங்க படுக்குற அறையில ஒரு பாய்க்கு இடம் இருக்காம்."

"அக்கா வீடு பக்கத்துலயே இருக்கே. அவ்வளவு தூரம் எதுக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தெருப் பெயர் தெரியாமல் வழி கேட்டதுபோல் பார்த்தாள்.

"அங்கதானே உங்க காலு இருக்கு," என்றாள்.

தலையணையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "சோறு மூடி வச்சிருக்கேன். விடிஞ்சதும் வந்துருவேன். உங்களுக்கு இனிமே விடியுறது தெரியாது. நான் வந்தேன்னா விடிஞ்சிருச்சுன்னு வச்சுக்கோங்க."

சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினாள். முதலில் அவள் பாதங்கள் இருட்டின. பிறகு சேலை. பிறகு தலையணை. தெருமுனையில் ஒருமுறை விளக்குக்குக் கீழே தெரிந்தாள். அப்புறம் தெரியவில்லை.

நான் முற்றத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தேன். பாதங்கள் எரியவில்லை. அலுவலகம் சொன்னது உண்மைதான். வெயிலில் சுட்டுக்கிடந்த சிமென்டுத் தரையில் அவற்றை வைத்தேன். சூடும் தெரியவில்லை. கிள்ளிப் பார்த்தேன். விரல்களுக்குக் கிள்ளியது தெரிந்தது. பாதங்களுக்குத் தெரியவில்லை. சோற்றைச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவினேன். மறுபடியும் வந்து அமர்ந்தேன்.

கைக்கடிகாரத்தில் ஒன்பதரை ஆனபோது வலது உள்ளங்காலில் ஏதோ பட்டது. மெல்லிய துணி. யாரோ அதன் நுனியை மடித்துக் குதிகாலுக்கு அடியில் செருகினார்கள். பிறகு இடது பாதத்துக்கும் அதேபோல் செருகினார்கள். போர்வையின் மேலாக ஒரு கை இரண்டு பாதங்களையும் சேர்த்து ஒருமுறை அழுத்திவிட்டு விலகியது.

குனிந்து பார்த்தேன். வெயிலில் என் பாதங்கள் வெறுமையாக இருந்தன.

போர்வை நழுவிவிடக் கூடாது என்று காலை அசைக்காமல் வைத்துக்கொண்டேன்.